நீச்சல், சைக்கிள், ஓட்டம்... நடுவுல பாப்பாவோட டிபன் பாக்ஸ்! - ஓர் அம்மாவின் முதல் ட்ரையத்லான்

750 மீட்டர் நீச்சல். முடித்த கையோடு 20 கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓட்டம். இடையில் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. ஈரம் சொட்டச் சொட்ட ஹெல்மெட் மாட்டும் நேரமும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தயாராகும் நேரமும்கூட கணக்கில் சேரும். இதற்குப் பெயர் ஸ்பிரின்ட் ட்ரையத்லான். ட்ரையத்லான் குடும்பத்தில் இதுதான் கடைக்குட்டிகளில் ஒன்று. ஒலிம்பிக்கில் நடப்பது இதைப்போல இரண்டு மடங்கு. 'அயர்ன்மேன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே... அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாக 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான்.

எனக்குக் கடைக்குட்டியே போதும் என்று முடிவுசெய்தேன். ஏனென்றால் எனக்கு 28 வயது, வீட்டில் நான்கு வயதில் ஒரு பாப்பா, வேலை டிஜிட்டல் டெஸ்க்கில். காலை ஷிஃப்ட் என்றால் 6 மணிக்கு லாக்இன். மாலை ஷிஃப்ட் என்றால் இரவு 10 மணிக்குக் கடைசி நோட்டிஃபிகேஷன் தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். நடுவில் எங்காவது பிரேக்கிங் வந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு காணாமல் போய்விடும்.

'இவ்வளவு வேலைக்கு நடுவுல இதெல்லாம் தேவையா?' - இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இதழியல் டிப்ளோமா படித்தபோது, 'ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் செய்தி' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

299-ம் 97-ம்!

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், 'இந்தியர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள்?' என்று ஓர் ஆய்வு நடத்தியது. வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். சம்பளமில்லாத வேலை இது. இந்த எண்களை வைத்து நாங்களே பலமுறை கார்டு போட்டிருக்கிறோம், லைக்ஸும் வாங்கியிருக்கிறோம். அதே எண்கள் என் சமையலறையிலும் இருக்கின்றன என்பது, ஒரு பயிற்சி அட்டவணையைக் கையில் எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது.

முதல் முறை ட்ரையத்லான் செய்பவர்களுக்கு 16 வாரப் பயிற்சி என்பது நிதானமான கணக்கு. வாரத்துக்கு 2 நாள் நீச்சல், 2 நாள் சைக்கிள், 2 நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. மொத்தமாகக் கூட்டினால் வாரத்துக்கு 5 முதல் 6 மணி நேரம். 168 மணி நேரத்தில் வெறும் ஆறு! ஆனால், அந்த ஆறு மணி நேரத்தில் பாப்பாவைக் குளிப்பாட்டுவது யார், டிபன் பாக்ஸ் கட்டுவது யார், பால் பொங்குகிறதா என்று பார்ப்பது யார்? அட்டவணையில் அதற்கான கட்டம் இல்லை. அதை நாங்களே வரைய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டோம். நான், கணவர், அத்தை மூவரும் உட்கார்ந்து. செவ்வாய், வியாழன், சனி காலை டிபன் கணவர் பொறுப்பு. "நான் ஹெல்ப் பண்றேன்" என்று அவர் சொன்னபோது, "ஹெல்ப் வேண்டாங்க, அந்த மூணு நாள் உங்க ஷிஃப்ட்" என்றேன். டெஸ்க்கில் யாரும் மற்றவரின் ஷிஃப்ட்டுக்கு 'ஹெல்ப்' செய்வதில்லை. அவரவர் ஷிஃப்ட்டை அவரவர் பார்க்கிறோம். அவருக்கு அது புரிந்தது. பதிலுக்கு ஞாயிறு மாலை அவருடைய கிரிக்கெட்டுக்கு யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஒரு கட்டம் கேட்டு வாங்கிக்கொண்டார். நியாயம்தான்.

அத்தைக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "விடியக்காலையில குழந்தை எழுந்து அம்மா எங்கன்னு தேடுமேம்மா" என்றார். உண்மையில் பாப்பா தேடினாள். முதல் வாரம் இரண்டு நாள் அழவும் செய்தாள். மூன்றாவது வாரம் என்ன நடந்தது தெரியுமா? "அம்மா ஸ்விம்மிங் போயிருக்கா, அப்பா தோசைல முயல் போடுவார்" என்று பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். முயலுக்கு ஒரு காது மட்டும் எப்போதும் கருகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் ரத்தப் பரிசோதனை!

ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொன்னவர், நீச்சல் பயிற்சியாளர் அக்கா. எனக்குப் பிரசவம் சிசேரியன். குழந்தை பிறந்து மூன்று மாதங்களுக்கு முன் ஓடத் தொடங்க வேண்டாம் என்பதுதான் பிசியோதெரபிஸ்ட்கள் பொதுவாகச் சொல்வது. எனக்கு நான்கு வருடங்கள் ஆகியிருந்ததால் அந்தக் கவலை இல்லை. கவலை வேறு இடத்தில் இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், மதியம் மூன்று மணிக்குக் கண் செருகுவதையும் 'ஷிஃப்ட் வேலைன்னா அப்படித்தான்' என்று நான் மட்டுமல்ல, வீட்டில் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் இருக்கலாம், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இருக்கலாம்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். 'டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, அவை இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாது. எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது' என்றார். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் வீட்டுக்குள் திரும்பி வந்தன. ஜூலையில் 10.2 ஆக இருந்தது, டிசம்பரில் 12.1. நான் போட்டிக்கே போகாமல் இருந்திருந்தாலும், இந்த ஒரு எண்ணுக்காகவே இத்தனை பாடும் தகும்.

இன்னொரு விஷயம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். தோழிகள் மூன்று பேர், 'எனக்கும் இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல' என்றதும், எழுதத்தான் வேண்டும் என்று முடிவுசெய்தேன். ஓடும்போது எனக்குச் சிறுநீர் கசிந்தது. தும்மினால், இருமினால், குதித்தால் கசிவது பிரசவமான பெண்கள் பலருக்கும் இருக்கும் பிரச்னை. இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தளர்ந்துபோவதுதான் காரணம். சிசேரியன் ஆனவர்களுக்கு வராது என்பதும் உண்மையில்லை. 'குழந்தை பெத்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று பெரியவர்கள் சொல்லிவிடுவதால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை.

பிசியோதெரபிஸ்ட் எளிய பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை மட்டும் மேல்நோக்கி இறுக்கி, சில விநாடிகள் பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஷேர் ஆட்டோவில், டெஸ்க்கில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது என எங்கேயும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சுமார் மூன்று மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை கறுப்பு லெக்கிங்ஸும் பேடும் துணை.

தண்ணீர் என்றால் அம்மாவுக்கு...

மூன்றில் எது கஷ்டம் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்... நீச்சல். தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், காவிரிக் கரை. அம்மாவின் தம்பி 14 வயதில் ஆற்றோடு போய்விட்டார். நான் பார்க்காத தாய்மாமா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை. ஊரில் மற்ற பிள்ளைகள் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகும்போது, நான் படித்துறையில் மேல்படியில் உட்கார்ந்து, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வேன். ஆடிப்பெருக்கு அன்று எல்லோரும் ஆற்றுக்குப் போக, அம்மா வீட்டுக் கிணற்றடியிலேயே படையல் வைத்துவிடுவார்.

அதனால், 27 வயதில் நீச்சல் குளத்தில் மூன்றரை அடித் தண்ணீரில் நின்றபோது என் கால்கள் நடுங்கியதை யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு அக்கம்பக்கத்தில் ஆறு வயது வாண்டுகள் தொப் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தன.

பெண்களுக்கான பேட்ச் அது. பயிற்சியாளர் அக்கா பத்து நாள்களுக்கு நீந்தவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி விட வேண்டும். அவ்வளவுதான். "உள்ள போனதும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கறீங்க. அதான் பயம் ஏறுது. தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடும்மா, வெளிய வந்து உள்ள இழு" என்பார். இதுதான் நீச்சலின் முக்கால்வாசி. காற்றை உள்ளேயே அடக்கிவைத்தால், தலையை வெளியே எடுக்கும் அந்த ஒரு நொடியில் வெளியே விடுவதா, உள்ளே இழுப்பதா என்று உடம்பு திண்டாடும். மூச்சு முட்டுவது காற்று இல்லாததால் அல்ல, பழைய காற்றை வெளியேற்றாததால். வாய்க்குள் முனகுவதுபோல 'ம்ம்ம்' என்று விட்டுப் பழகினேன். ஒரு மாதம் கழித்து 25 மீட்டர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்தேன். அங்கே ஆழம் ஐந்தரை அடி. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கால் எட்டவில்லை, ஆனால் மூழ்கவும் இல்லை.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். மறைக்கவில்லை. தினமும் போன் செய்யும்போது, சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்பு, "தண்ணிக்குப் போனியா?" என்று கேட்பார். "போனேம்மா" என்றால் ஐந்து விநாடி மௌனம். பிறகு, "சரி, தலையை நல்லாத் துவட்டு" என்பார்.

நவம்பரில் அம்மா சென்னை வந்து இரண்டு வாரம் தங்கினார். ஒரு நாள் பாப்பாவோடு குளத்துக்கு வந்தார். பார்வையாளர் பெஞ்சில் குளத்துக்கு முதுகைக் காட்டி, வாசல் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. பாப்பா மட்டும் திரும்பி உட்கார்ந்து, "பாட்டி, அம்மா இப்போ அந்தப் பக்கம் போயிட்டா... இப்போ இந்தப் பக்கம் வந்துட்டா" என்று ரன்னிங் கமென்ட்ரி கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான்காவது நாள் அம்மா பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முந்தைய நாள், நேராக.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். குளத்தில் நீந்தத் தெரிந்துவிட்டது என்பதற்காக மெரினாவிலோ, வேறு கடற்கரையிலோ இறங்கிப் பார்க்க வேண்டாம். கடலில் இழுப்பு நீரோட்டம் நன்றாக நீந்துபவர்களையே கொண்டுபோய்விடும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி களைத்துப்போகாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பார்கள். அந்த நிலைமைக்கே போகாமல் இருப்பது அதைவிட நல்லது. புதியவர்கள் குளத்தில் நீச்சல் நடக்கும் போட்டியையே முதலில் தேர்ந்தெடுக்கலாம். நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ட்ரையத்லானில் நீச்சலை முதலில் வைத்திருப்பதும் பாதுகாப்புக்காகத்தான். ஓடிக் களைத்தவரால் நடந்துகூட முடித்துவிடலாம். களைத்துப்போனவரைத் தண்ணீரில் இறக்கினால் ஆபத்து.

14,000 ரூபாய் சைக்கிளும் 'பிரிக்' பயிற்சியும்

ட்ரையத்லான் என்றதும் லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஹைபிரிட் சைக்கிள் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு தனி. நீச்சல் கண்ணாடி 450. நல்ல ஷூ 3,500. மாதா மாதம் குளத்துக்குக் கட்டணம். கடனில்லாமல் முடிந்தது, ஆனால் அந்த வருட தீபாவளிக்குப் புடவை எடுக்கவில்லை.

சைக்கிள் கடை அண்ணன் கற்றுக்கொடுத்தவைதான் எனக்குப் பெரிய பாடம். சீட் உயரம் சரியாக இருந்தால், பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிதான் முதலில் முறையிடும். கனமான கியரில் திணறி மிதிப்பதைவிட, லேசான கியரில் வேகமாக மிதிப்பது காலைக் காப்பாற்றும். ஓட்டத்துக்கு அந்தக் கால்தானே வேண்டும்? செயின் கழன்றால் மாட்டவும், டியூப் மாற்றவும் கற்றுக்கொடுத்துவிட்டு, "இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க சிஸ்டர், நீங்களே பாத்துக்குவீங்க" என்றார்.

ஞாயிறு அதிகாலை நான்கைந்து பெண்கள் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவோம். தனியாகப் போவதில்லை. இருட்டில், லாரிகளுக்கு நடுவில், அது வீரமில்லை. வார நாள் ஓட்டம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையில். விடியும் நேரத்தில் கூழைக்கடாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபடி, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன். வாரம் ஏற ஏற ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைத்தேன். பத்தாவது வாரம் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர்.

எட்டாவது வாரத்திலிருந்து 'பிரிக்' பயிற்சி. சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓட வேண்டும். முதல் முறை செய்தபோது சிரிப்புதான் வந்தது. கால்கள் என்னுடையவையாகவே இல்லை. இரவல் வாங்கி வந்த கால்கள்போல, கனமாக, சொன்ன பேச்சுக் கேட்காமல். வட்டமாக மிதித்துப் பழகிய தசைகள் திடீரென்று உடல் எடையைத் தாங்கித் தரையை உதைக்க வேண்டும். அந்த மாற்றத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். பத்து நிமிட ஓட்டம் போதும். வாரம் ஒரு முறை செய்தால், கால்கள் சமாதானத்துக்கு வரும் நேரம் குறைந்துகொண்டே போகும்.

புயல் வந்தது, காய்ச்சலும் வந்தது

அட்டவணை என்பது அட்டவணை போட்ட அன்று மட்டும்தான் அழகாக இருக்கும். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும்வரை லைவ் அப்டேட்ஸ், அதன் பிறகு விழுப்புரம், திருவண்ணாமலை வெள்ளச் செய்திகள். அந்த வாரம் முழுவதும் பயிற்சி பூஜ்ஜியம். மக்கள் வீடிழந்து நிற்கும் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, நீச்சல் போகவில்லையே என்ற நினைப்பு வரவும் இல்லை. அடுத்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிய பிறகு 4.40 மணிக்கு எழுந்து ஓடுவது பயிற்சியல்ல, தண்டனை.

விட்டுப்போன பயிற்சிகளை எல்லாம் சேர்த்து அடுத்த வாரத்தில் செய்து 'ஈடுகட்ட' வேண்டாம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் விதி. அப்படி ஈடுகட்டப் போனால்தான் முட்டி, கணுக்கால் எல்லாம் போகும். விட்டது விட்டதுதான். அட்டவணையில் இன்று எந்த நாளோ, அங்கிருந்து தொடர வேண்டும். 16 வாரங்களில் எனக்கு 12 வாரப் பயிற்சிதான் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது.

பிறகு மார்கழி பிறந்தது. எங்கள் தெருவில் பெண்கள் நான்கு மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். அத்தையும்தான். மார்கழி முழுக்க, நான் ஷூ லேஸ் கட்டும் நேரமும் அத்தை புள்ளி வைக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. நான்கு மணிக்கு எழுந்து கோலம் போடும் பெண்ணிடம் 'இது தேவையா?' என்று யாரும் கேட்பதில்லை. அதே நேரத்தில் ஓடப் போகும் பெண்ணிடம் கேட்கிறார்கள். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவரே ஒரு நாள், கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார், "எனக்கும் இந்த நேரந்தான்மா பிடிக்கும். யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." நாற்பது வருடங்களாக அந்தக் கோலம்தான் அவருடைய ஒரு மணி நேரமாக இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் நான் வசதியானவள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறார், தோசை சுட கணவர் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, தினமும் காலையில் நான்கு வீடுகளுக்கு நடந்தே போய் வருகிறார். "நீ ஓடறதுக்குக் காசு கட்றியா!" என்று அவர் சிரித்த சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. 'மனசு வெச்சா எல்லாராலும் முடியும்' என்று நான் எழுத மாட்டேன். மனசோடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

இந்த விளையாட்டே ஒரு வீட்டுக் கதைதான்

முதல் நவீன ட்ரையத்லான் 1974 செப்டம்பர் 25-ம் தேதி, அமெரிக்காவின் சான் டியாகோவில் மிஷன் பே என்ற இடத்தில் நடந்தது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். அவரும் அவர் மனைவி ஜூடியும்தான் பிறகு ஹவாயில் அயர்ன்மேன் போட்டியைத் தொடங்கினார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டில் இறங்கிய தம்பதி! 1978-ல் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் தொடங்கி, 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கே 11 மணி 46 நிமிடங்கள் ஆயின.

சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். முதலிடத்தை போட்டோ பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அடுத்த வருடம் தாயானார். 2016 ரியோவில் வெள்ளி. நம்மூரில் நடிகர் மிலிந்த் சோமன் 50 வயதை நெருங்கும்போது அயர்ன்மேன் முடித்தது பலருக்கும் நினைவிருக்கும். இவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. குழந்தைக்குப் பிறகும் உடம்பு நம்முடையதுதான் என்பதற்குச் சாட்சி வேண்டியிருந்த நாள்களில், இந்தப் பெயர்கள் உதவின.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு

2025 ஜனவரி 19. 'புதிதாக எதையும் போட்டி நாளில் முயற்சி செய்யாதே' என்பது ட்ரையத்லானின் பொன்விதி. புது ஷூ, புது பானம், புது உணவு எதுவும் கூடாது. இரண்டரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். சைக்கிளில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். பாக்கெட்டில் இரண்டு கடலை மிட்டாய்.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு துண்டை விரித்து, எடுக்கும் வரிசையில் பொருள்களை அடுக்கினேன். ஹெல்மெட், எண் கட்டிய பெல்ட், சாக்ஸ், ஷூ. ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். இந்த விதிகளைத் தாண்டினால் அபராத நேரம் விழும்.

50 மீட்டர் குளம், 15 நீளம். ஆறாவது நீளத்தில் பக்கத்தில் நீந்தியவரின் கை முகத்தில் பட்டு, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பழைய நடுக்கம் அடிவயிற்றில் எழுந்தது. மல்லாந்து திரும்பி மிதந்தேன். வானத்தைப் பார்த்து நான்கு மூச்சு. ஒரு கையை உயர்த்தினால் காவலர் வந்துவிடுவார் என்று தெரியும், அதனாலேயே உயர்த்தத் தேவைப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி குப்புறத் திரும்பினேன். 'ம்ம்ம்' என்று மூச்சை விட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது...

நீச்சல் 24 நிமிடம், சைக்கிள் 57, ஓட்டம் 38, இடையில் மாறும் நேரம் 7. மொத்தம் 2 மணி 6 நிமிடம். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். கணவர் வீடியோ எடுத்தேன் என்று சொல்லி முழுக்க அவருடைய விரலை எடுத்திருந்தார். மெடலை பாப்பா கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற மறுத்தாள். ஊரிலிருந்து முந்தைய நாளே வந்திருந்த அம்மா, என் தலையைத் துவட்டிக்கொண்டே, "பதினஞ்சு. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஆறாவதுல நின்னியே, ஏன்?" என்றார். குளம் முழுக்க இத்தனை பேர் நீந்தும்போது, என் ஆறாவது நீளத்தை அம்மா பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு?

போட்டி முடிந்ததும் காலண்டரின் பின்பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். செவ்வாய், வியாழன், சனி தோசை இன்னமும் அவருடைய ஷிஃப்ட்தான். முயலுக்கு இப்போது இரண்டு காதும் சரியாக வருகிறது. பாப்பாவை வரும் கோடையில் நீச்சல் வகுப்பில் சேர்க்கிறோம், முதல் மாதக் கட்டணம் பாட்டி உபயம். அடுத்த வருடம் ஒலிம்பிக் தூரமா என்று டெஸ்க்கில் கேட்கிறார்கள். பார்க்கலாம். இப்போதைக்கு இன்னும் பத்து நிமிடம் தூங்கினால் போதும் என்றிருக்கிறது.

நீங்கள் ட்ரையத்லானே செய்ய வேண்டும் என்றில்லை. வீணையாக இருக்கலாம், தையல் வகுப்பாக இருக்கலாம், பாதியில் விட்ட பட்டப்படிப்பாக இருக்கலாம். ஒரு காகிதத்தை எடுத்து, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, உங்கள் பெயரில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். அப்படியே ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்!